தேனீயைக் கண்டிச்சு வையுங்க

"உங்க தேனீயைக் கொஞ்சம் கண்டிச்சு வையுங்க!"

மதில் சுவருக்கு மேலே பக்கத்து வீட்டு டிரில் மாஸ்டரின் தலை முளைத்தது. பள்ளிக்கூடத்திலிருந்து அவர் ஓய்வு பெற்றுவிட்டார். அவர் குரல் இன்னும் ஓய்வு பெறவில்லை.

பல் தேய்த்துக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியன் நுரையைத் துப்பினான். "காலங்காத்தால என்ன சார் பண்ணுச்சு?"

"என் செம்பருத்தியை ஒட்ட உறிஞ்சிட்டுப் போயிடுச்சு! ஒரே பூவுல மூணு! ஒரு வரிசை கிடையாது, ஒழுங்கு கிடையாது!"

"அது எங்க வீட்டுத் தேனீதான்னு எப்படி சார் சொல்றீங்க?"

"பார்த்தாலே தெரியுதே, உங்க வீட்டு ஜாடை!"

எலக்ட்ரீஷியன் தன் மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

கொல்லையில் கொய்யா மரத்தடியில் இரண்டு தேன் பெட்டி. பூக்கிற காலம் தொடங்கியதிலிருந்து தினமும் இதே கூத்துதான். மாஸ்டர் வாயைத் திறந்தால் நாய் தையல் மெஷினுக்கு அடியில் போய்ப் பதுங்கிக்கொள்ளும். பூனை மட்டும் சுவர் மேல் உட்கார்ந்து அவர் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும்.

"தேனீயை எப்படி சார் கண்டிக்கிறது?"

"நாயைக் கட்டிப் போடறீங்க இல்ல?"

"அதுக்குக் கழுத்து இருக்கு சார்."

"சாக்குப்போக்கு சொல்லாதீங்க தம்பி!"

பெட்டிக்கு முன்னால் எலக்ட்ரீஷியனின் மகள் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள். "எல்லாரும் ஒவ்வொருத்தராப் போங்க. தள்ளக்கூடாது. அந்தத் தாத்தா திட்டுவாரு." தேனீக்கள் அவளை மதிக்காமல் பறந்தன.

உள்ளே தையல் மெஷின் டக்கென்று நின்றது. எலக்ட்ரீஷியன் மனைவி, கழுத்தில் தொங்கும் அளவு டேப்போடு கொல்லைக்கு வந்தாள். கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துப்போயிருந்தது. நேற்றுக்கூட ஒரு ரவிக்கைக்கு இரண்டு கையையும் ஒரே பக்கம் வைத்துத் தைத்துவிட்டாள்.

"மாஸ்டர், இனிமே உங்களுக்குத் தொல்லையே கிடையாது. சாயங்காலம் ஈ எல்லாம் உள்ளே அடங்கினதும் எங்க அண்ணன் வண்டி கொண்டு வர்றாரு. ரெண்டு பெட்டியையும் அவர் தோப்புக்கு அனுப்பிடறோம். போதுமா?"

மகள் வீல் என்று அழ ஆரம்பித்தாள்.

மாஸ்டரின் முகம் தொங்கிப்போயிற்று. "அனுப்பறீங்களா? யாரும்மா அனுப்பச் சொன்னது?"

"நீங்கதான்! தினமும் உயிரை எடுக்கறீங்களே!"

"நான் கண்டிக்கத்தானே சொன்னேன்? ஊரை விட்டே துரத்தச் சொன்னேனா?"

"இது என்ன புதுசா இருக்கு? உங்க பூவைத் தொடவும் கூடாது, இங்கேயே இருக்கவும் வேணுமா?"

மாஸ்டர் திரும்பித் தன் வீட்டு ஜன்னலைப் பார்த்தார். முதல் தடவையாக அவர் குரல் இறங்கியது. "ஒரு நிமிஷம் இந்தப் பக்கம் வந்துட்டுப் போம்மா."

"வர்றேன். வந்து நேருக்கு நேரே கேக்கறேன்!" புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் வாசல் வழியாகச் சுற்றிப் போனாள்.

எலக்ட்ரீஷியன் சுவரோரம் காதை வைத்தான். வெடிக்கும் என்று எதிர்பார்த்தான். ஒரு சத்தமும் இல்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் அவள் திரும்பி வந்தாள். துவைக்கிற கல்லின் மேல் ஏறி நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு கத்தினாள்:

"யோவ் மாஸ்டர்! எங்க தேனீ மேல பழி போடாதீங்க! உங்க செம்பருத்திதான் பல்லைக் காட்டிக் கூப்பிடுது! முதல்ல அதை அடக்கி வையுங்க!"

எலக்ட்ரீஷியன் பல் தேய்க்கிற பிரஷ்ஷோடு ஓடி வந்தான். அவர் வயசென்ன, இவள் பேசுகிற பேச்சென்ன!

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரட்டை வேகத்தில் பதில் வந்தது. "என் செடியைப் பத்தி ஒரு வார்த்தை பேசினீங்கன்னா பாருங்க! கிளைக்குக் கிளை உங்க ஈதான்!"

"அடியே, உனக்கென்ன பைத்தியமா?" எலக்ட்ரீஷியன் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தான். "பெரிய மனுஷன்டி அவரு."

அவள் கல்லிலிருந்து இறங்கினாள். கண் கலங்கியிருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அங்கே ஒரு பூகூட இல்லைங்க. எல்லாம் பிளாஸ்டிக். காஞ்ச குச்சியில கம்பி போட்டுக் கட்டி வச்சிருக்காரு."

"பிளாஸ்டிக்கா? அப்புறம் எதுக்குடி இந்தச் சண்டை?"

"மாஸ்டரோட சம்சாரம் வளர்த்த தோட்டம். அந்தம்மா கீழே விழுந்ததிலிருந்து படுத்த படுக்கை. இவரு தண்ணியை ஊத்தி ஊத்தியே அத்தனை செடியையும் அழுக வச்சிட்டாரு. அவங்களுக்குப் பார்வை மங்கிப்போச்சு, ஜன்னல் வழியாச் சிவப்பா ஏதோ தெரியும், அவ்வளவுதான். ஆனா காது நல்லாக் கேக்குது. பூவுக்குத் தேனீ வருதுன்னு இவரு கத்தறதைக் கேட்டுத்தான் தினமும் காலையில ஒரு வாய் சாப்பிடறாங்களாம்."

அப்போது ஜன்னல் பக்கமிருந்து மெலிந்த குரல் ஒன்று சிரிப்போடு வந்தது. "ஏங்க, பாவம், அவங்களைத் திட்டாதீங்க. என் பூ அவ்வளவு அழகா இருந்தா அதுங்க என்ன பண்ணும்?"



எலக்ட்ரீஷியன் பிரஷ்ஷை மனைவி கையில் கொடுத்தான். துவைக்கிற கல்லின் மேல் ஏறினான். தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி கத்தினான்:

"சார்! உங்க வீட்டுப் பூவால எங்க தேனீ ஒண்ணுகூட வீடு தங்கறதில்லை, இதுக்கு ஒரு பதில் சொல்லுங்க!"