பன்னிரண்டாவது முகவரி

சாய்வெயிலில் திரை கூசுகிறது. அலுவலகத்தின் சர்வர் கணினியைக் கவனிப்பவளின் நாற்காலிக்குப் பின்னால் நிறுவன இயக்குநர் கைகட்டி நிற்கிறார். அந்த ஒற்றைச் சர்வரில் பன்னிரண்டு பழைய இணையதளங்கள் ஒண்டுக்குடித்தனம் நடத்துகின்றன. "எந்த முகவரியைத் தட்டினாலும் நம்ம புதுத் தளத்துக்குத்தாம்மா வரணும். உலகத்துக்கே ஒரே வாசல்!" அந்த வாசல் முழுக்க அவருடைய சிரித்த முகம். பதினொரு முகவரிகளைத் திருப்பிவிட்ட அவள் விரல் பன்னிரண்டாவதில் நிற்கிறது. போன வருஷம் இறந்துபோன சக ஊழியர், தன் மகளுக்காகக் கதைகளை வாசித்துப் பதிந்துவைத்த பக்கம் அது. "அதை இப்ப யாரு கேக்கிறா?" "அவர் பொண்ணு மட்டும், சார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், தினம் நாலேகாலுக்கு." சுவர்க்கடிகாரம் நாலேகாலைத் தொடுகிறது. யார் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் பதிவாகும் கறுப்புத் திரையில் ஒரு புது வரி வந்து விழுகிறது. இயக்குநரின் கட்டிய கைகள் தானாக அவிழ்கின்றன. தொண்டையைச் செருமிக்கொள்கிறார். "மொத்தம் பதினொண்ணுதானேம்மா இருந்தது?"