துவைத்துப் போட்ட நோட்டு

"ஐயோ... துவைச்சுட்டீங்களா?"

கல்யாணசுந்தரம் அலறிவிட்டார். யேசுராசா வீட்டுக் கொல்லைப்புறக் கொடியில், சாக்ஸுக்கும் லுங்கிக்கும் நடுவே, கிளிப் மாட்டித் தொங்கிக்கொண்டிருந்தது அந்த ஒரு பவுண்டு நோட்டு. வெளுத்துப்போய், எழுத்தெல்லாம் கலைந்து கிடந்தது.

சும்மா நோட்டா அது? மர்ரபூலா என்ற குட்டி ஊரின் பேங்க் நூற்று முப்பது வருடத்துக்கு முன்னால், ஆஸ்திரேலியாவில் பவுண்டு புழங்கிய காலத்தில் அச்சடித்தது. பேங்கும் திவால், ஊரும் காலி. மிச்சம் இருப்பது இது ஒன்றுதான் என்று, அதை விற்க முன்வந்த யேசுராசா சொல்லியிருந்தார். செல்போனில் வந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தே, "சந்தேகமே இல்ல, அசல்!" என்று தீர்ப்புச் சொன்னார் கல்யாணசுந்தரம். சிட்னியில் பழைய நோட்டு சேர்ப்பவர்களில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது அவர் நினைப்பு. அடுத்த வாரக் கண்காட்சியில் இதை வைத்து எல்லோர் வாயையும் அடைத்துவிட வேண்டும் என்று, கார் மாற்ற வைத்திருந்த எட்டாயிரம் டாலரோடு, சிட்னியின் கிரவீன் பகுதியிலிருந்த இந்த வீட்டுக்குக் காரில் விரைந்து வந்திருந்தார்.

"மாக்கிறேட்! உமக்கு மூளை கீளை இருக்கே?" யேசுராசா மனைவி மேல் பாய்ந்தார்.

"ஒரே ஊத்தையாக் கிடந்ததப்பா. ஆக்கள் வாற நேரத்தில மேசையில அப்பிடிக் கிடந்தா வடிவே? சவர்க்காரம் போட்டுத் தேச்சனான். காயட்டும், அயன் பண்ணித் தாறன்."

"அயனா!" கல்யாணசுந்தரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "அது அழுக்கு இல்லம்மா, வயசு! அந்த நிறத்துக்குத்தான் விலையே. எனக்கெல்லாம் பார்த்த மாத்திரத்துல தெரியும்."

"அண்ணை, ஒரு ஆறாயிரத்துக்கு எண்டாலும் எடுப்பீங்களே?" என்று யேசுராசா இழுத்தார்.

"துவைச்ச நோட்டை எவன் சார் திரும்பிப் பார்ப்பான்?"

"எல்லாம் இந்த மனிசியால!"

"விடுங்க சார். பொம்பளைங்களுக்கு இதோட அருமை எங்க தெரியுது? எங்க வீட்டு கிரிஜாவும் இப்படித்தான்."

அழாத குறையாகக் காருக்கு நடந்தார் கல்யாணசுந்தரம். கண்காட்சியும் போச்சு, கௌரவமும் போச்சு. வழியனுப்ப மாக்கிறேட் மட்டும் பின்னாலேயே வந்தாள். பாவம், புருஷனிடம் அவ்வளவு திட்டு வாங்கியிருக்கிறாளே என்று அவருக்கு மனசு இளகியது.

"போகட்டும்மா. ஏதோ தெரியாம செஞ்சுட்டீங்க."

மாக்கிறேட் வீட்டுப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"தெரிஞ்சுதான் அண்ணை தோய்ச்சனான். போன மாசம் இவர் அதைப் பிரிண்டரில அடிச்சு, என்ர குசினியில தேயிலைச் சாயத்துக்குள்ள ஊறப்போடேக்க, நானும் பக்கத்திலதான் நிண்டனான்."