மரங்கொத்தியின் முகவரி

மரத்தில் பொந்து குடைந்து வாடகைக்கு விடும் மரங்கொத்தி ஒன்று இணையதளம் தொடங்கியது. 'காட்டிலேயேசிறந்தமலிவானநல்லபொந்து' என்று முகவரி பதிந்துவிட்டு, தேடுகிறவர்கள் கண்ணில் இனி நாம்தான் முதலில் படுவோம் என்று அலகைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது. ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை.

தேடலில் தளங்களை வரிசைப்படுத்தும் சிலந்தியிடம் போய், "எல்லா வார்த்தையும் பேர்லயே வச்சேனே அண்ணே, கடைசிப் பக்கத்துல தள்ளிட்டீங்களே" என்று குறைபட்டது.

"வெறும் பேரைப் பாத்து நான் எடம் குடுக்கறதில்லப்பா. உன்னைப் பத்தி யாராவது பேசுறாங்களான்னு பாப்பேன்."

மரங்கொத்திக்குச் சுருக்கென்றது. தன் பொந்தில் ஏற்கெனவே குடியிருக்கும் அணிலிடம் விசாரித்தது.

"வீடு பிரமாதம். தங்கச்சிக்குச் சொல்லலாம்னு வாயெடுத்தேன். பாதி முகவரியிலேயே மூச்சு வாங்குது" என்றது அணில்.

அன்றே முகவரியை 'டொக்டொக்' என்று மாற்றியது மரங்கொத்தி. அப்படியும் தேடலில் கடைசிப் பக்கம்தான். மனசு விட்டுப்போய் உட்கார்ந்திருந்தபோது, இன்னொரு அணில் குடும்பம் மூட்டை முடிச்சோடு வந்து நின்றது.

"எந்தப் பக்கத்துல தேடிக் கண்டுபிடிச்சீங்க?"

"தேடவே இல்லையே. டொக்டொக்னு அக்கா சொல்லுச்சு, வந்துட்டோம்."

மேல்கிளையில் தொங்கிக்கொண்டிருந்த சிலந்தி, சத்தமில்லாமல் 'டொக்டொக்'கின் இழையை அவிழ்த்து ஒரு படி மேலே கட்டியது.