முந்திக்கொண்ட கைதட்டல்

எங்கள் கேலரியின் மூத்த ரசிகர் லேயார்கோ இப்படிச் செய்வார் என்று எங்களில் யாரும் எதிர்பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதிய இசைநாடகக் காட்சி, ஆப்பெரா. மூன்றாம் அங்கத்தின் கடைசி. கணவனுக்கு அரசி விடைகொடுக்கும் அந்தப் பாட்டு. அதற்காகத்தான் ஊரே டிக்கெட் வாங்கியிருந்தது.

பாடியவள் நிவேஸ். எங்கள் அரங்குக்குப் புதியவள். இத்தாலியில் எந்தப் பாடகரைக் கேட்டாலும் சொல்வார்கள், எங்கள் ஊர் மேல் கேலரியில் உட்காரும் எங்களைக் கண்டுதான் பயம் என்று. இங்கே விசில் அடித்தால் பாராட்டு அல்ல, துரத்துவது. எங்களிடம் விசில் வாங்கியவரை அப்புறம் வேறு ஊரிலும் கூப்பிட மாட்டார்கள்.

பாட்டு உச்சத்துக்கு ஏறியது. ஒரே ஒரு ஸ்வரம் பாக்கி. அதை மெல்லிசாக நீட்டி, வயலின்கள் அடங்கி, அதன் பிறகுதான் கை தட்ட வேண்டும். அதற்கு முன் தட்டுகிறவன் சுற்றுலாக்காரன்.

நிவேஸ் வாயைத் திறந்தாள்.

கேலரி முதல் வரிசையின் நடுவிலிருந்து லேயார்கோ துள்ளி எழுந்தார். "பிராவா! பிராவா!" கைப்பிடிச் சுவர் அதிரத் தட்டினார். கீழே நாலு பேர் சேர்ந்து தட்ட, நாங்கள் "உஷ், உஷ்" என்று சீற, பாட்டு முடிந்தே போயிற்று.

இடைவேளையில் மருந்துக்கடை எர்மெஸ் படிக்கட்டில் அவரை மறித்தார்.

"என்னய்யா, மதியமே ஊத்திக்கிட்டு வந்தீரா?"

"முடிஞ்சிடுச்சுன்னு நெனச்சேன்."

"நீரு? தூக்கத்துல எழுப்பினாலும் அந்தப் பாட்டை வரிவரியா சொல்லுவீரே."

"வயசாகுதுல்ல, எர்மெஸ்."

"எப்பேர்ப்பட்ட ஸ்வரம் தெரியுமா? பட்டுநூல் மாதிரி இழுத்தா. உம்ம கூச்சல்ல பாதிதான் காதுல விழுந்துச்சு."

"நான் முழுசா கேட்டேன்," என்றாள் எங்கள் கேலரியின் திர்ச்சே, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "இத்தனை வருஷத்துல அப்படி ஒண்ணு கேட்டதே இல்ல. கெடுத்துட்டீங்களே மனுஷா."

நானும் தலையாட்டினேன்.

"முந்தித் தட்டினா முன்வரிசை கிடையாது," என்றார் எர்மெஸ். "நீரு போட்ட சட்டம்தான். என் மச்சானை எதுக்குப் பின்னால அனுப்பினீரு?"

"இதுக்குத்தான்."

முன்வரிசை நடுவில் இருந்த அந்த இடத்துக்கு எண் கிடையாது. முப்பத்தொரு வருஷமாக நாங்களாகவே அவருக்கு விட்டுவைத்தது. லேயார்கோ போய்த் தன் இருக்கைத் திண்டை எடுத்துக்கொண்டார். கடைசி வரிசையில், மேடை தெரியாத தூண் மறைவில் உட்கார்ந்தார். எர்மெஸின் மச்சான் நடுவில் வந்து அமர்ந்தான்.

காட்சி முடிந்ததும் வழக்கம்போலப் பின்வாசலில் கூடினோம். லேயார்கோ மட்டும் நிற்காமல் போய்விட்டார். கழுத்தில் சால்வையைச் சுற்றிக்கொண்டு நிவேஸ் வந்தாள்.

எர்மெஸ் தொப்பியைக் கழற்றினார். "மன்னிக்கணும்மா. அந்தக் கடைசி ஸ்வரத்துக்கு நாங்க எல்லாரும் அடிமை. எங்க ஆளு ஒருத்தரு அதைக் கெடுத்துட்டாரு. இனிமே அவரை முன்னால உட்கார விடமாட்டோம்."

"ஒவ்வொரு இழையா கேட்டேன் கண்ணு," என்றாள் திர்ச்சே.

நிவேஸ் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"அவர் எங்க?"

"வெட்கப்பட்டுக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டாரு."

"வீடு எங்க இருக்கு? நான் போய்ப் பார்க்கணும்."

"அவரை எதுக்கும்மா?"

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மூச்சு தப்பிடுச்சு. வாயை மட்டுந்தான் திறந்தேன். அந்த ஸ்வரத்தை நான் பாடவே இல்லீங்க."