கூட நடித்தவர்கள்

“தினகரன்கூட நடிச்சவங்க எல்லாம் முன்னால வாங்க. தூக்கப் போறாங்க” என்றார் பழைய நாடகக் குழுவின் கலியமூர்த்தி.

சாமியானாவுக்குள் உட்கார்ந்திருந்தவர்களில் சிலர் எழுந்தார்கள்.

எழுந்தவர்கள் எல்லோரும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். வருடந்தோறும் ஆயுத பூஜைக்கு நாடகம் போட்டவர்கள். திரை விலகும் முன் வட்டமாக நின்று, ஒருவர் கைமேல் ஒருவர் கை வைப்பது அந்தக் குழுவின் வழக்கம்.

இன்று அந்த வட்டம் கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி உருவாகிக்கொண்டிருந்தது.

வடிவு எழவில்லை. கடைசி வரிசையில், கணவர் மணவாளன் பக்கத்தில், பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

“டிவியில நம்மள சிரிக்க வெச்ச மனுசன். ஒரு தபா மூஞ்சியப் பாத்துட்டு வந்துடலாம்” என்று காலையில் மணவாளன்தான் வண்டியை எடுத்தார்.

காட்டுப்பாக்கத்தின் அந்தக் குறுகலான தெருவில் தினகரனைப் பிடிக்காதவர்கள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ‘வீட்டுக்காரரைக் கேளுங்க’ போட்டியை நடத்தியவர். கணவனையும் மனைவியையும் தனித்தனியாகக் கேள்வி கேட்டு, தோற்றவர்களையும் சிரித்தபடி வீட்டுக்கு அனுப்பியவர்.

நிகழ்ச்சி நின்றுபோன பிறகும் மனிதர் கேள்வி கேட்பதை நிறுத்தவில்லை போலிருக்கிறது. கேஸ் சிலிண்டர் போடுகிறவர் முன்வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

“உன் சம்சாரத்துக்குப் புடிச்ச கலர் இன்னான்னு கேட்டாரு, மாமே. முழிச்சேன். கேட்டுகினு வா, அப்பறம்தான் டீன்னுட்டாரு. மயில் கழுத்துக் கலராம். கல்யாணமாகி இத்தினி வருசம், எனக்குத் தெரில.”

வடிவுக்குத் தினகரனை டிவிக்கு வெகுகாலம் முன்பே தெரியும்.

கல்யாணத்துக்கு முன் அவளும் அதே தொழிற்சாலையில் செப்புக் கம்பியில் காயில் சுற்றும் பிரிவில் இருந்தாள். மேடையில் தினகரனுக்கு ஈடுகொடுத்து வாயாடிய ஒரே பெண். அவளுக்கு வசனம் மறந்துபோனால், அது நாடகத்தில் உள்ளதுதான் என்பது போல அவர் ஒரு கேள்வியைப் போடுவார். அந்தக் கேள்வியிலேயே அவள் சொல்ல வேண்டிய வரி இருக்கும்.

மணவாளன் வீட்டார் பெண் பார்க்க வருவதற்கு முந்தின நாள், அப்பா அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

“நாடகம் கீடகம்னு வாயத் தொறந்துராத. கூத்தாடினவள்னு பேராயிடும்.”

மாங்காட்டில் நிலம் நீச்சு வைத்திருந்த குடும்பம். அப்பாவின் பயம் அவளுக்குப் புரிந்தது. வாயைத் திறக்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு திறப்பதற்கு ஒரு நல்ல வேளையும் வாய்க்கவில்லை. மணவாளனின் கண்ணில் ஒரு மாற்றுக் குறைந்துவிடக் கூடாது என்றே மேடையை மறந்தவளாக இருந்தாள்.

பிள்ளைகள் வளர்ந்த பிறகு ஒருநாள், அந்த டிவி நிகழ்ச்சிக்கு நாமும் போவோம் என்று மணவாளன் பிடிவாதம் பிடித்தார். பரிசாகத் தருகிற கிரைண்டருக்கு ஆசைப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

மைக்கோடு எதிரே வந்த தினகரனுக்குப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டது என்பது அவளுக்கும் தெரிந்தது.

“ஏம்மா, இதுக்கு முன்னாடி மேடை ஏறியிருக்கீங்களா?”

இன்னும் இருவரையும் தனித்தனியாகப் பிரிக்கவில்லை; பக்கத்து நாற்காலியில் மணவாளன் இருந்தார்.

“இல்லைங்க” என்றாள்.

தினகரனின் உதட்டில் சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் ஒருமுறை தாழ்ந்தது. பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி, “முதல் தடவையாம். எவ்வளவு தைரியமா ஒக்காந்திருக்காங்க பாருங்க” என்று கைதட்ட வைத்தார்.

அதன்பிறகு ஒரு போன் போட்டிருக்கலாம். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் வீடு இருக்கும் பருத்திப்பட்டிலிருந்து காட்டுப்பாக்கம் என்ன, காசி தூரமா? இன்றைக்கு, நாளைக்கு என்று இருந்துவிட்டாள். சேர்ந்து நடித்ததற்கு வடிவு வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டே அந்த மனிதர் போய்விட்டார்.

“இன்னும் யாராச்சும் இருக்கீங்களா?”

கலியமூர்த்தியின் பார்வை தடித்த கண்ணாடி வழியே வந்து, அவளை அடையாளம் தெரியாமல் கடந்து போனது.

வடிவு புடவைத் தலைப்பை விரலில் இறுக்கிச் சுற்றினாள். இப்போது எழுந்தால், இத்தனை வருடம் மறைத்ததற்கெல்லாம் பக்கத்தில் இருப்பவரிடம் பதில் சொல்ல வேண்டும். எழாவிட்டால், தினகரனின் முகத்துக்கு நேரே இரண்டாம் முறையும் ‘இல்லைங்க’ என்று சொன்னதாகிவிடும்.

“இன்னா ஒக்காந்துகினு கீற? போ” என்றார் மணவாளன்.

“நாம டிவியில வந்தவங்கதானே. அவங்கல்லாம் நாடகக்காரங்க.”

மணவாளன் அவள் பக்கம் திரும்பவில்லை. பெட்டியையே பார்த்துக்கொண்டு பேசினார்.

“ஆயுத பூசைக்கு உங்க கம்பெனில நாடகம்னு கூட்டாளி இட்டுகினு வந்தான். நீ மேடையில அந்தாள வாங்கு வாங்குன்னு வாங்கினே. அத்தப் பாத்துட்டுதான் ஊட்டுல சொல்லி உன்னப் பொண்ணு கேட்டு வந்தேன்.”

வடிவின் விரல் தலைப்பை விட்டது.

“நீயா சொல்லுவேன்னு இருந்தேன். டிவிக்கு இட்டுகினு போனாலாவது சொல்லுவேன்னு பாத்தேன். அந்தாளும் எடுத்துதான் குடுத்தாரு. நீ இல்லன்னுட்ட.”

அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவள் பதிலுக்குக் காத்திராமல் மணவாளன் எழுந்தார். நாலு பேர் கூடிய இடத்தில் குரலை உயர்த்திப் பழக்கமில்லாத மனிதர், நாற்காலிகளை ஒதுக்கிக்கொண்டு முன்னே நடந்தார்.

“கொஞ்சம் வழி வுடுங்க. தினகரன் சார்கூட நடிச்சவங்க வராங்க.”

எத்தனையோ வருடமாக மனப்பாடம் செய்து வைத்திருந்ததைப் போல, ஓரிடத்திலும் தடுமாறாமல் சொன்னார்.