மெத்தைகள்

குளிர்காலம் தொடங்குமுன் உல்லாசப் படகுகளைப் பிளாஸ்டிக் தாளால் இறுக்கி மூடுவதுதான் ட்ருகனினா புறநகரில் உள்ள கிடங்கில் குகநேசனின் வேலை. வெள்ளைத் தாளைப் படகின்மேல் போர்த்திச் சூடான காற்றைப் பிடித்தால், அது சுருங்கி மேளத்தோல் போல விறைத்துவிடும்.

அன்று அப்படி விறைக்கவில்லை. தாள் சுருங்கச் சுருங்க, பின்தளத்தில் தலைகளும் தோள்களும் மடக்கிய முழங்கால்களும் புடைத்துக்கொண்டு வந்தன. ஓரத்தைக் கிழித்து உள்ளே பார்த்தான். வெறும் தளம். கிழிசலை ஒட்டிவிட்டு மறுபடி சூடான காற்றைப் பிடித்தான். மறுபடி அதே தலைகள்.

கூட வேலை செய்யும் நிஸ்தார் நானா பக்கத்தில் வந்து நின்றார்.

“என்ன தம்பி, ஆக்கள் குந்தி இருக்கிற மாதிரி இரிக்கு?”

“சீற் மெத்தையள், நானா.”

“ஊரில இருந்து அகதியாப் படகில வந்தவங்களும் இப்பிடித்தான் நெருங்கிக் குந்தி வந்ததாம். நீங்க எதில வந்த?”

“நான் ஸ்டூடன்ட் விசாவில, பிளேனில வந்தனான்.”

கேட்பவர்கள் எல்லோருக்கும் அவன் சொல்வது அதுதான். இன்று சொல்லி முடித்ததும் காதுமடல் சுட்டது. தாளின் பக்கம் அவன் பார்க்கவில்லை.

நானா தேநீருக்குப் போய்விட்டார். உள்ளே பூஞ்சணம் பிடிக்காமல் இருக்கக் கடைசியில் காற்றுத் துளை வெட்ட வேண்டும். குகநேசன் தலை குனிந்தபடியே கத்தியைத் தாளில் வைத்தான்.

தாள் மெல்லச் சரசரத்தது. நடுவிலிருந்த இரண்டு தோள்கள் ஒதுங்கி, ஒரு ஆள் இருக்க இடம் விட்டன.