கேமராவில் பெண் பார்த்த படலம்

கரமனை நாகேஸ்வரன், வீட்டுக் கம்ப்யூட்டரில் புது வெப்கேமைத் தன் கையாலேயே மாட்டினார். துபாயிலிருக்கும் பிள்ளை வீட்டார் அதில்தான் மகள் ஸ்நேகாவைப் பெண் பார்க்கப் போகிறார்கள்.

நல்ல நேரத்தில் அழைப்பு வந்தது. குரல் கேட்டது, திரை மட்டும் ஒரே இருட்டு.

"மாமா, பொண்ணு தெரியலையே!" என்றாள் பிள்ளையின் அம்மா.

"இங்கேயும் பிள்ளை தெரியலை" என்ற நாகேஸ்வரன், மனைவியின் காதைக் கடித்தார். "வாலாம்பா, பையனுக்கு வழுக்கையாக்கும், கேட்டியா. அதான் மறைக்கறா!"

"நம்ம பொண்ணு ஏன் தெரியலை? அதைப் பாருங்கோ."

அவர் வயரைப் பிடுங்கி மாட்டினார்; கேமரா விற்ற கடைக்காரனைத் திட்டினார். வாலாம்பாள் கேமராவை உற்றுப் பார்த்தாள். தலையில் அடித்துக்கொண்டு, புடவைத் தலைப்பால் அதைத் துடைத்தாள்.

"பேஷ்! பொண்ணு லட்சணமா இருக்கா!" என்றது துபாய்.

இந்தப் பக்கம் இன்னும் இருட்டுதான். வாலாம்பாள் மைக்கிடம் குனிந்தாள்.

"மாமி, உங்களோடதும் புதுக் கேமராவா? இங்கே இவர் பூஜை பண்ணி, அதோட கண்ணுலயே சந்தனப் பொட்டு வெச்சுட்டார். அங்கேயும்..."

திடீரென்று திரை பளிச்சென்றது. ஒரு மாமி அசடு வழியச் சந்தன விரலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில், தலை நிறைய முடியோடு பிள்ளை.

நாகேஸ்வரன் மடியிலிருந்த ஜாதகங்களை மூடி வைத்தார்.

"இனி இதெல்லாம் எதுக்கு? பொருத்தம்தான் தெரிஞ்சுடுத்தே!"